கிளை நூலகத்துக் கணினிக்கு இணையம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

"எல்லார் கையிலும்தான் செல்போன் இருக்கிறதே, இனி நூலகத்தில் கணினி எதற்கு?" என்று எங்கள் வாசகர் வட்டக் கூட்டத்தில் ஒருவர் கேட்டார். நல்ல மனிதர், நிறையப் படிப்பவர். ஆனால் ஒரு அரசு விண்ணப்பத்தை முதலிலிருந்து கடைசிவரை செல்போனிலேயே அவர் நிரப்பிப் பார்த்திருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். அங்கே அவருக்குச் சொன்ன பதிலையே கொஞ்சம் விரித்து உங்களுக்கும் எழுதுகிறேன்.

மாவட்ட மைய நூலகத்தில் நாளிதழ் பகுதியை ஒட்டித்தான் கணினிகள் இருக்கின்றன. மாலை நேரத்தில் அங்கே உட்கார்ந்து பேப்பர் படிக்கும் எனக்கு, யார் யார் வருகிறார்கள், எதற்கு வருகிறார்கள் என்று தெரியும். பெரும்பாலும் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள். அரசுப் பணியாளர் தேர்வாணையம் (டிஎன்பிஎஸ்சி) நடத்துகிற குரூப் 4 தேர்வுக்கு ஒவ்வொரு முறையும் 10 லட்சம் பேருக்கு மேல் விண்ணப்பிக்கிறார்கள். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும் என்பதால் ரொம்பச் சாதாரணக் குடும்பத்துப் பிள்ளைகள்தான் அதிகம். விண்ணப்பம், கட்டணம், ஹால் டிக்கெட், உத்தேச விடைக்குறிப்பு, அதற்கு ஆட்சேபம் தெரிவிப்பது எல்லாமே டிஎன்பிஎஸ்சி இணையதளத்தில்தான். தபாலில் எதுவும் வீடு தேடி வராது.

ஒரு நாள் பக்கத்துக் கிராமத்துப் பெண் ஒருத்தி கையெழுத்துப் படத்தை ஏற்ற முடியாமல் திண்டாடிக்கொண்டிருந்தாள். வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போட்டு செல்போனில் படம் எடுத்து வைத்திருந்தாள். அந்தப் படம் பல எம்பி இருந்தது, தளமோ 10 முதல் 20 கேபிக்குள் கேட்கிறது. செல்போனில் ஏதோ ஒரு செயலியை இறக்கிச் சுருக்கியதில் கையெழுத்தே மங்கிப்போய்விட்டது. நூலக ஊழியர் எழுந்து வந்து, சுற்றியிருந்த வெற்றுத் தாளையெல்லாம் வெட்டிவிட்டு கையெழுத்தை மட்டும் எடுத்து அளவைக் குறைத்துக் காட்டினார். "அடுத்தது போட்டோ, அதை நீயே பண்ணும்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவளும் செய்துவிட்டாள். அன்றைக்கே பக்கத்தில் இருந்த இன்னொரு பையனுக்கு அவளே சொல்லிக்கொடுத்தாள்.

இதையே பிரவுசிங் சென்டரில் செய்திருந்தால் நூறு ரூபாய் போயிருக்கும். கடை நடத்துகிறவர்களை நான் குறை சொல்லவில்லை, அது அவர்கள் பிழைப்பு, ராத்திரி எட்டு மணிக்கு மேலும் நமக்காகத் திறந்து வைத்திருக்கிறார்கள். காசைவிடப் பெரிய சிக்கல் வேறு. டிஎன்பிஎஸ்சி தேர்வுகளுக்கு விண்ணப்பிக்கும் முன் செய்ய வேண்டிய நிரந்தரப் பதிவை எங்கள் தெருப் பையன் ஒருவனுக்குச் செய்தபோது கடைக்காரர் அவசரத்தில் தன்னுடைய மின்னஞ்சலையும் செல்போன் எண்ணையும் போட்டுவிட்டார். அந்தப் பதிவு 5 வருடத்துக்குச் செல்லும், கட்டணம் 150 ரூபாய். தேர்வு நெருங்கும்போது கடை மூடிக் கிடக்கிறது, கடவுச்சொல்லும் தெரியாது, ஓடிபி போவது கடைக்காரர் எண்ணுக்கு. வீட்டில் எல்லாரும் அவர் ஊரைத் தேடி அலைந்தார்கள். பிள்ளைகள் தங்கள் கையாலேயே, தங்கள் மின்னஞ்சலில், ஒரு வார்த்தை கேட்டால் சொல்ல ஆள் இருக்கும் இடத்தில் உட்கார்ந்து செய்யக் கற்றுக்கொண்டால் இந்த அலைச்சலே இல்லை. நூலகம் அப்படிப்பட்ட இடம்.

மாணவர்கள் மட்டும் இல்லை. பட்டா, சிட்டா பார்க்க வயதானவர்கள் வருகிறார்கள், வில்லங்கத்தையும் இணையத்தில் காசில்லாமல் பார்க்கலாம் என்பதே அங்கே வந்த பிறகுதான் பலருக்குத் தெரிகிறது. சின்னத் திரையில் சர்வே எண்ணையும் உட்பிரிவையும் படிக்க அவர்கள் கண்ணுக்கு முடியாது. அப்புறம், பழைய புத்தகங்களைத் தேடுகிற என் போன்றவர்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களும் பழைய இதழ்களும் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து வைக்கப்பட்டிருக்கின்றன. நம் ஊர் அலமாரியில் என்றைக்குமே வராத புத்தகத்தைப் பெரிய திரையில் விரித்துப் படிக்கிற சந்தோஷம் தனி.

பார்வையற்றவர்களைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. என்விடிஏ என்று ஒரு திரைவாசிப்பு மென்பொருள் இருக்கிறது, முழுக்க இலவசம், தமிழையும் வாசிக்கும். அதை ஏற்றி ஒரு ஹெட்ஃபோன் வைத்துவிட்டால் போதும், பார்வையற்ற மாணவர் செய்தித்தாளைத் தானே படிப்பார், யாரையும் வாசித்துக் காட்டச் சொல்லி உட்கார வைக்க வேண்டியதில்லை. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பிரெயில் பகுதியே தனியாக இருக்கிறது. அதற்காகத் தென்காசியிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் ஒருவர் சென்னைக்குப் போக முடியுமா?

என் வருத்தம் அங்கேதான். 2010-ல் அண்ணா நூற்றாண்டு நூலகம், 2023-ல் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம், நகராட்சிகளில் அறிவுசார் மையங்கள் என்று நல்ல காரியங்கள் நடந்திருக்கின்றன, மனசாரப் பாராட்டுகிறேன். ஆனால் எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் கணினி துணி போர்த்திய மேனிக்கு மூலையில் இருக்கிறது. கேட்டால் இணைப்பு இல்லை, அல்லது இணைப்பு இருக்கிறது பில் கட்டவில்லை, அல்லது பையன்கள் கேம் விளையாடுவார்கள். இந்தக் கடைசிக் காரணத்தை மட்டும் என்னால் ஏற்கவே முடியவில்லை. விளையாடட்டுமே! கணினியையே தொட்டிராத பிள்ளை முதலில் விளையாட்டில்தான் மவுஸைப் பிடிக்கப் பழகும். வரிசையில் ஆள் நின்றால் ஆளுக்கு அரை மணி நேரம் என்று வைத்தால் சரியாகிவிடும்.

பணம் இல்லை என்றும் சொல்ல வேண்டாம். சுதந்திர இந்தியாவில் முதல் பொது நூலகச் சட்டம் 1948-ல் சென்னை மாகாணத்தில்தான் வந்தது, இந்திய நூலக அறிவியலின் தந்தை எனப்படும் சீர்காழிக்காரரான எஸ். ஆர். ரங்கநாதன் அதற்குப் பாடுபட்டார். அந்தச் சட்டத்தின்படி இன்றைக்கும் சொத்து வரியோடு சேர்த்து, வரியில் நூற்றுக்கு 10 என்று நாம் நூலக வரி கட்டுகிறோம். ரசீதை எடுத்துப் பாருங்கள், தனியாகவே அச்சாகியிருக்கும். அதை வசூலிக்கும் உள்ளாட்சிகள் காலாகாலத்தில் நூலகத் துறைக்குக் கொடுத்தால், கிளை நூலகத்தின் மாதாந்திர இணையச் செலவு ஒரு பெரிய தொகையே இல்லை.

பொது நூலகத் துறைக்கு என் வேண்டுகோள் இதுதான். ஒவ்வொரு கிளை நூலகத்திலும் வேலை செய்கிற இணைப்போடு ஒரு கணினியும், பக்கத்துக்கு ஒன்றிரண்டு ரூபாய் வாங்கிக்கொண்டு அச்செடுத்துத் தர ஒரு பிரிண்டரும் வேண்டும். தமிழில் தட்டச்சு செய்ய தமிழ்99 விசைப்பலகையை ஏற்றி, அதன் படத்தைப் பக்கத்துச் சுவரில் ஒட்டிவையுங்கள். ஒருவர் எழுந்து போனதும் அவர் இறக்கியதெல்லாம் தானாக அழிந்துவிடும்படி விருந்தினர் கணக்கு ஒன்றை அமையுங்கள், ஏனென்றால் ஒரு நூலகத்தில் டவுன்லோட்ஸைத் திறந்தால் முன்பின் தெரியாதவர்களின் ஆதார் நகலும் மதிப்பெண் சான்றிதழும் வரிசையாகக் கிடந்ததைப் பார்த்துப் பதறிப்போனேன். நூலகர் ஒற்றை ஆளாகப் புத்தகம் கொடுத்து வாங்கி, பதிவேடும் எழுதிக்கொண்டு, இதையும் சேர்த்துப் பார்க்க முடியாது. மாலையில் இரண்டு மணி நேரம் உதவ அந்தந்த ஊர் வாசகர் வட்டத்தில் படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள், கூப்பிட்டால் வருவார்கள். எங்கள் வட்டத்திலிருந்து வர நாங்கள் தயார். அடுத்த குரூப் 4 அறிவிப்பு வருவதற்குள் அந்தத் துணியை எடுத்துவிட்டு இணைப்பைக் கொடுங்கள்.

இப்படிக்கு,
கிளை நூலக வாசகர் ஒருவர்