முதுமை அறுபதில் தொடங்குவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

முதியோர் தொகை பெருகிவருவது பற்றிய தங்கள் அண்மைய ஆசிரியர் தலையங்கம், அறுபது வயதுக்குப் பிந்திய பராமரிப்பை மட்டுமே பேசியிருப்பது எனக்குக் குறையாகப்பட்டது. குறைந்த எடையுடன் பிறந்தவர்களுக்குப் பிற்காலத்தில் இதய நோய் வரும் ஆபத்து அதிகம் என்பதைப் பிரித்தானிய மருத்துவர் டேவிட் பார்க்கர் 1980களிலேயே எடுத்துக்காட்டினார். தாயின் வயிற்றிலும், மலையகத் தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பான லயன் அறையிலும் தொடங்கிய குறையை, பிழைப்புக்காகக் கொழும்புக்கு வந்துவிட்டதால் மட்டும் உடல் மறந்துவிடாது.

எங்கள் தொடர்மாடியில் வீட்டுவேலை செய்யும் மலையகத் தாய் ஒருவர், பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டுப் பதின்மூன்று வயதில் இங்கு வந்தவர். இப்போது 51 வயது. நீரிழிவும் முழங்கால் வலியுமாக, ஒவ்வொரு படியிலும் கைப்பிடியைப் பற்றி நின்றுதான் மூன்றாம் மாடிக்கு ஏறுகிறார். கிளினிக்குக்குப் போனால் அன்றைய சம்பளம் இல்லை என்பதால், மாத்திரையைப் பாதியாக உடைத்து நாட்களை நீட்டிக்கொள்கிறார் (இதை அவர் சொல்லவில்லை, நானே கண்டேன்). இவரைப் போன்றோர் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். எனவே, சிறுவயதிலேயே வேலைக்கு வந்தவர்களை நாற்பது வயதிலிருந்தே பரிசோதிக்கும் கிளினிக்குகளை, அவர்களுக்கு ஓய்வு கிடைக்கக்கூடிய ஞாயிறு, போயா (பௌர்ணமி விடுமுறை) தினங்களில் நடத்தச் சுகாதார அமைச்சும் கொழும்பு மாநகர சபையும் முன்வர வேண்டும்.

வாசகர்,
வெள்ளவத்தை, கொழும்பு - 06