வால்யூமைச் சமன் செய்தபின் தீர்ப்புச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாட்டுக் கேட்பதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் ஒருவர் வீட்டில் கூடி, ஆளுக்கொரு ஆம்ப்ளிபயரைக் கொண்டுவந்து மாற்றி மாற்றிப் பூட்டிக் கேட்பது நல்ல பழக்கம். ஆனால் 'இதில் பாஸ் கனம், அதில் குரல் பின்னால் போய்விட்டது' என்று அங்கே சொல்லப்படும் தீர்ப்புகளில் பாதிக்குமேல் ஆம்ப்ளிபயரைப் பற்றியவை அல்ல, வால்யூமைப் பற்றியவை. கருவிகளை மதிப்பிட்டு எழுதப்படும் கட்டுரைகளிலும் இதே கோளாறுதான். அத்தகைய கட்டுரைகளை வெளியிடும்போது, சத்த அளவை எப்படிச் சமன் செய்தார்கள் என்று ஒரு வரியாவது எழுதி வாங்குங்கள்.

அரை டெசிபல் கூடினால் காது அதைச் 'சத்தம் கூடிவிட்டது' என்று உணர்வதில்லை. 'தெளிவு கூடிவிட்டது' என்றே எடுத்துக்கொள்கிறது. போதாக்குறைக்கு, சத்தம் குறையக் குறைய பாஸ்தான் முதலில் காதுக்கு மங்கும். ஃப்ளெட்சரும் மன்சனும் 1933லேயே இதை வளைகோடுகளாக வரைந்து காட்டிவிட்டார்கள். இரண்டு ஆம்ப்ளிபயரிலும் குமிழை ஒரே எண்ணில் வைத்தோம் என்பதெல்லாம் செல்லாது. கெயின், அதாவது சிக்னலைப் பெருக்கும் அளவு, ஆம்ப்ளிபயருக்கு ஆம்ப்ளிபயர் வேறு. ஒன்றின் பத்து மணி நிலை இன்னொன்றின் பன்னிரண்டு மணி நிலையாக இருக்கலாம்.

சமன் செய்யப் பெரிய கருவி தேவையில்லை, ஒரு மல்டிமீட்டர் போதும். முதலில் பாஸ், ட்ரெபிள் குமிழ்களை நடுவில் வைத்து, லவுட்னஸ் பட்டனை அணைத்துவிடுங்கள். 100 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றை ஓடவிட்டு, ஸ்பீக்கர் இணைந்திருக்கும்போதே அதன் சிவப்பு, கறுப்பு முனைகளில் மீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்துப் பாருங்கள். 2 வோல்ட் வருமளவுக்கு வால்யூமை ஏற்றினால் போதும்; 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது அரை வாட்தான். அடுத்த ஆம்ப்ளிபயரிலும் அதே டோன், அதே முனைகள். 2.00க்கும் 2.02க்கும் இடையில் நின்றால் வித்தியாசம் 0.1 டெசிபலுக்குள் அடங்கும். மீட்டரே கொஞ்சம் தவறாகக் காட்டினாலும் பாதகமில்லை, இரண்டுக்கும் அதே தவறுதான். ஆனால் மலிவான மீட்டர்கள் சிலவற்றில் ஏ.சி.யின் மிகக் குறைந்த ரேஞ்சே 200 வோல்ட்டாக இருக்கும். அதில் 2.0க்கு அடுத்து 2.1 என்றுதான் எண் நகரும். அந்த ஒரு படியே 0.4 டெசிபல். அது இந்த வேலைக்கு உதவாது. இடது, வலது இரண்டையும் தனித்தனியாக அளக்க வேண்டும். மீட்டர் வயரின் உலோக நுனி வழுக்கி இரண்டு முனைகளையும் சேர்த்துத் தொட்டுவிட்டால் ஆம்ப்ளிபயரின் அவுட்புட் டிரான்சிஸ்டர் போய்விடலாம்.

ஆம்ப்ளிபயர்களை மாற்ற ஸ்விட்ச் பெட்டி வைத்திருப்பவர்கள், அது சிவப்பு, கறுப்பு இரண்டு வயரையும் சேர்த்து மாற்றுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிரிட்ஜ் வகை ஆம்ப்ளிபயரில் கறுப்பு முனை கிரவுண்டு அல்ல, அதிலும் சிக்னல் ஓடும். கறுப்பைப் பொதுவாக்கிச் சிவப்பை மட்டும் மாற்றும் பெட்டி அந்த ஆம்ப்ளிபயரைப் பதம் பார்த்துவிடும்.

பாட்டிலும் கண்ணி இருக்கிறது. ஒரே பாடலின் பழைய பதிப்பும் ரீமாஸ்டர் பதிப்பும் பல டெசிபல் வித்தியாசப்படலாம். ஸ்ட்ரீமிங் செயலிகள் பாட்டுக்குப் பாட்டு வால்யூமைத் தாமாகவே திருத்தும். அந்த வசதியை அணைத்துவிட்டு, ஒரே கோப்பை ஒரே பிளேயரிலிருந்து கொடுங்கள். பதினைந்து இருபது விநாடித் துண்டுகளாகக் கேட்டு உடனே மாற்றுங்கள். நடுவில் ஐந்து நிமிடம் வயர் மாட்டிக்கொண்டிருந்தால், முன்பு கேட்டதன் நுணுக்கம் நினைவில் தங்காது.

பிறகு கண்ணை மறைத்துச் சோதிக்கலாம். எது ஓடுகிறது என்பதை நாணயம் சுண்டி ஒருவர் முடிவு செய்யட்டும், மற்றவர் சொல்லட்டும். பத்துக்கு ஏழு சரியாகச் சொல்லிவிட்டால் கைதட்ட வேண்டாம்; குருட்டாம்போக்கில் சொன்னாலே ஏழோ அதற்கு மேலோ வர 17 சதவீத வாய்ப்பு உண்டு. ஒன்பது வந்தால் விஷயம் இருக்கிறது. அதற்கான வாய்ப்பு ஏறக்குறைய ஒரு சதவீதம்தான்.

ஸ்பீக்கர்களை ஒப்பிடும்போது வோல்ட் கணக்கு செல்லாது, ஒவ்வொன்றின் சென்சிடிவிட்டி, அதாவது அதே வோல்ட்டுக்கு எழுப்பும் சத்தம், வேறு. பிங்க் நாய்ஸ் (தாழ்ந்ததும் உயர்ந்ததுமான எல்லா ஒலிகளும் கலந்த இரைச்சல்) போட்டு, உட்காரும் இடத்தில் ஒலி அளவு மானியால் அளக்க வேண்டும். ஒரே இடத்தில் மாற்றி மாற்றி வைத்துக் கேட்பதும் முக்கியம். பின்சுவரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி வைத்த ஸ்பீக்கரில், சுவரில் பட்டுத் திரும்பும் அலை எதிர்ப்பட்டு 86 ஹெர்ட்ஸ் பக்கம் பள்ளம் விழும். 60 சென்டிமீட்டர் என்றால் அது 143க்கு ஏறும். இடம் மாறினாலே குணம் மாறியது போலிருக்கும். பாஸ் அடியோடு காணோம், பாடகரின் குரலும் நடுவில் நிற்கவில்லை என்றால், ஒரு பக்கத்து வயர் சிவப்பும் கறுப்பும் மாறிக் கிடக்கிறது என்று பொருள்.

கூட்டமாகக் கேட்கையில் நடு இருக்கைக்காரருக்கு மட்டுமே ஸ்டீரியோ சரியாக அமையும். ஓரத்தில் இருப்பவருக்குப் பக்கத்து ஸ்பீக்கரின் ஒலி முந்தி வந்து, பாடகரும் வாத்தியங்களும் நிற்பதுபோல் தோன்றும் மேடை முழுவதையும் அங்கே இழுத்துவிடும். ஸ்பீக்கர்களை உள்நோக்கித் திருப்பி, அவற்றின் நேர்க்கோடுகள் நடு இருக்கைக்குச் சற்று முன்னாலேயே வெட்டிக்கொள்ளும்படி வைத்தால் ஓரத்தவருக்கும் ஓரளவு நியாயம் கிடைக்கும். முழு நியாயம் வேண்டுமென்றால், தீர்ப்புக்குமுன் ஒவ்வொருவரும் நடுவில் வந்து உட்கார்ந்து கேட்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. நாலைந்து கருவிகளைக் கூட்டி மாட்டினால் 'ம்ம்' என்று ஹம் கிளம்பும். உடனே ஒருவர் பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றச் சொல்வார். தயவுசெய்து கழற்ற வேண்டாம். உள்ளே கசிவு ஏற்பட்டால் கருவியின் உலோக உறையே ஷாக் அடிக்கும். எல்லாவற்றையும் ஒரே பவர் போர்டில் மாட்டிப் பாருங்கள். போகவில்லையென்றால் சிக்னல் கேபிள்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றும்போது ஹம் நிற்கிறதோ, அந்த இணைப்பில் ஆடியோ சிக்னலுக்கான ஐசோலேஷன் டிரான்ஸ்பார்மர் ஒன்றைப் போட்டால் முடிந்தது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்