கயிறு கட்டிய பாட்டில்கள்

வணக்கம்.

முதல் நன்றி ஒரு நர்ஸுக்கு. அவர் பெயர் எனக்குத் தெரியாது, குரல் மட்டும் நினைவிருக்கிறது. அகதிகளாகவோ பிழைப்புத் தேடியோ புது நாட்டுக்கு வந்தவர்களுக்குத் தொலைபேசியில் மொழிபெயர்த்துச் சொல்லும் வேலையைத் தன்னார்வமாகச் செய்கிறேன். ஒருநாள் வந்த அழைப்பில் அந்தப் பக்கம் ஒரு தாய், அவருடைய பத்து வயது மகன், இந்த நர்ஸ். அதுவரை பையன்தான் அம்மாவுக்கும் டாக்டருக்கும் நடுவில் நின்று பேசிக்கொண்டிருந்தானாம். புது மொழி பிள்ளைகளுக்குத்தான் சீக்கிரம் பிடிபடும். அதனாலேயே வீட்டுக்கு வரும் கடிதம், வங்கி, ஆஸ்பத்திரி எல்லாம் அவர்கள் தலையில் விழுந்துவிடும். "இதைப் பிள்ளை சொல்லக் கூடாது, கொஞ்சம் பொறுங்கள்" என்று நிறுத்தி, எங்கள் எண்ணுக்கு அழைத்தவர் அந்த நர்ஸ். நான் தமிழில் வணக்கம் சொன்னதும் அந்த அம்மா மகனிடம், "நீ வெளியில போய் இரு கண்ணா" என்றார். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. எங்கே வலிக்கிறது என்பதையே அதற்குப் பிறகுதான் சொன்னார்.

உதவ வேண்டும் என்ற மனம் நிறையப் பேருக்கு இருக்கிறது. எதிரில் நிற்பவருக்கு இந்த நிமிடம் எது இடிக்கிறது என்று கவனிக்கும் கண் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. அந்தக் கண் உள்ளவர்களுக்குத்தான் இந்த மடல்.

மெக்சிகோவின் வெராக்ரூஸ் மாநிலத்தில் லா பட்ரோனா என்று ஒரு சிற்றூர். அந்த ஊர்ப் பெண்களே, உங்களுக்கு நன்றி. மத்திய அமெரிக்காவிலிருந்து வறுமைக்கும் வன்முறைக்கும் தப்பிச் செல்கிறவர்கள், சரக்கு ரயிலின் மேல் தொற்றிக்கொண்டு உங்கள் ஊர் வழியாகவும் வடக்கே போகிறார்கள். 1995-இல் ரொட்டியும் பாலும் வாங்கித் திரும்பிக்கொண்டிருந்த உங்கள் வீட்டுச் சகோதரிகள் இருவரிடம், ரயிலிலிருந்து "அம்மா, பசிக்கிறது" என்று குரல் வந்தது. கையில் இருந்ததை அப்படியே கொடுத்துவிட்டார்கள். அப்புறம் வீடே அடுப்பு மூட்டியது. ஓடுகிற ரயிலில் இருப்பவரிடம் தண்ணீர் பாட்டிலைக் கொடுப்பது லேசான காரியமில்லை, வழுக்கி விழுந்துவிடும். அதனால் நீங்கள் பாட்டில்களை இரண்டிரண்டாகக் கயிற்றில் கட்டி நீட்டுகிறீர்கள். கயிறு அவர்கள் கையில் மாட்டிக்கொள்ளும். 2013-இல் உங்களில் ஒருவரான நோர்மா ரொமேரோவுக்கு அந்த நாட்டின் மனித உரிமை விருது கிடைத்தது. சந்தோஷம். ஆனால் எனக்கு அந்தக் கயிற்றை முதலில் யோசித்தவர் யாரென்று தெரிந்துகொள்ள ஆசை.

மத்தியதரைக் கடலில் தத்தளிக்கும் படகுகளின் அழைப்பை எடுக்கும் 'அலாரம் போன்' தன்னார்வலர்களே, 2014-இலிருந்து இரவும் பகலும் முறை வைத்து உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களிடம் மீட்புப் படகு கிடையாது. படகு இருக்கும் இடத்தைக் கேட்டு வாங்கி, கடலோரக் காவல் படைக்குச் சொல்லி, அவர்கள் அசையும் வரை விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். படகில் உள்ளவர்களின் சாட்டிலைட் போனில் காசு தீர்ந்தால், கரையில் இருந்தபடி நீங்களே ரீசார்ஜ் போட்டுவிடுகிறீர்கள் என்று படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

காலமாகிவிட்ட ஒருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். 1921-இல் சோவியத் அரசு, வெளிநாடுகளில் இருந்த லட்சக்கணக்கான ரஷ்யர்களின் குடியுரிமையைப் பறித்தது. நாடு இல்லை, காகிதம் இல்லை, எல்லையைத் தாண்ட வழியும் இல்லை. துருவப் பகுதிகளில் பயணம் செய்து பேர்வாங்கிய நார்வேக்காரர் ஃப்ரிட்யோஃப் நான்சென், அப்போது, ஐ.நா.வுக்கு முன்பிருந்த நாடுகளின் சங்கத்தில் அகதிகளுக்கான ஆணையராக இருந்தார். 1922-இல் அவர், நாடில்லாதவர்கள் எல்லை தாண்டுவதற்கென்று ஒரு காகிதத்தை உருவாக்கினார். 'நான்சென் பாஸ்போர்ட்' என்று பெயர் வந்தது. பிறகு ஆர்மீனியர்களுக்கும் கிடைத்தது. சுமார் நாலரை லட்சம் பேர் அதை வைத்திருந்தார்கள். ஓவியர் ஷகால், இசைக்கலைஞர் ஸ்ட்ராவின்ஸ்கி கையிலும் அதுதான் இருந்தது. காகிதம் இல்லாதவர்களோடு தினமும் பேசுகிறவள் என்பதால் சொல்கிறேன், சாப்பாட்டுக்கு அடுத்து மனிதருக்குத் தேவை ஒரு காகிதம்.

1986 ஆகஸ்ட் 11. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கடற்கரைக்கு அப்பால், பனிமூட்டத்துக்குள் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 ஈழத் தமிழர்கள் மிதந்துகொண்டிருந்தார்கள். கண்டவர் மீனவர் கஸ் டால்ட்டன். தன் படகில் முடிந்த மட்டும் ஏற்றிக்கொண்டு, மற்றவர்களுக்காக வேறு படகுகளையும் கூப்பிட்டார். டால்ட்டன் ஐயா, அந்த 155 பேரில் நான் இல்லை. இருந்தாலும் இந்த நன்றியைத் தமிழில் எழுதிவைக்க எனக்கு உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன். அதே ஆண்டில்தான் அகதிகளுக்கு ஆதரவளித்ததற்காகக் கனடா மக்கள் எல்லோருக்குமாகச் சேர்த்து, அந்த நான்சென் பெயரில் ஐ.நா. அகதிகள் அமைப்பு தரும் விருதும் கொடுக்கப்பட்டது. 1979 முதல் அங்கே சாதாரண மக்களே ஐந்து பேராகச் சேர்ந்து ஓர் அகதிக் குடும்பத்தை வரவழைத்து, ஒரு வருடம் பொறுப்பேற்று வந்திருக்கிறார்கள். வாடகை, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், எந்த பஸ் எங்கே போகும் என்பது வரை. அப்படி வந்தவர்கள் 3 லட்சத்துக்கும் மேல்.

வசதியான நாடுகள்தான் இதைச் செய்ய முடியும் என்று யாராவது சொன்னால் நான் உகாண்டாவைக் காட்டுவேன். 15 லட்சத்துக்கும் அதிகமான அகதிகள் அங்கே இருக்கிறார்கள். வேலை செய்யலாம், விரும்பிய ஊருக்குப் போகலாம், பயிர் வைக்கத் துண்டு நிலமும் உண்டு. அந்நாட்டின் வடக்கில் உள்ள 'பிடிபிடி' என்ற அகதிக் குடியிருப்பில் தெற்கு சூடான் மக்கள் குடியேற இடம் விட்டது, வழிவழியாக அந்த மண்ணுக்குச் சொந்தமான கிராமத்தவர்கள். தங்களுக்கே போதாத நிலத்தில் பங்கு கொடுத்தவர்களை எப்படிப் புகழ்வது என்று தெரியவில்லை.

செஞ்சிலுவைச் சங்கத்தில் காணாமல் போனவர்களைத் தேடுகிறவர்களே, நீங்கள் வெளியிடும் படங்களில் தேடுகிறவரின் முகம் மட்டும் இருக்கும், பெயர் இருக்காது. கீழே "என் தம்பியைத் தேடுகிறேன்" என்பதுபோல ஒரு வரி. பெயரை வெளியிட்டால் ஆபத்து வரலாம் என்று யோசித்துச் செய்திருக்கிறீர்கள். பொருத்தமாக ஒரு முகம் கிடைக்கும்வரை வருடக்கணக்கில் ஃபைலை மூடாமல் வைத்திருக்கிறீர்கள்.

கூலி வாங்காமல் வழக்கை எடுத்த வக்கீல்கள், மாலை நேரத்தில் மொழி சொல்லித்தந்த ஆசிரியர்கள், காலி அறையைத் திறந்துவிட்டவர்கள், கடலில் ஆட்களைக் கரையேற்றியதற்காகக் கோர்ட்டுக்கு அலைந்தவர்கள், எல்லோருக்கும் கைகூப்பி நன்றி.

நர்ஸம்மா, அடுத்த முறை நீங்கள் கூப்பிடும்போது உங்கள் பெயரைக் கேட்டுவிடுவேன்.

அன்புடன்,
தொலைபேசியின் இந்த முனையிலிருந்து ஒரு மொழிபெயர்ப்பாளர்