மாரிக்கு முன்னம் பெல்ட் பெட்டியைத் திறந்து பார்ப்போம்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

சேர்விஸுக்கு ஸ்கூட்டரை விடும்போது, "ஒயிலை மட்டும் மாத்துங்கோ, மற்றதெல்லாம் ஓடுதுதானே" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள்தான் கூட. எஞ்சின் ஒயிலில் எல்லோருக்கும் அக்கறை உண்டு. இடப்பக்கம் நீளமாக இருக்கும் மூடிக்குள்ளே என்ன நடக்கிறது என்று கேட்பவர்கள் குறைவு. பெல்ட் அறுந்து வல்லை வெளியிலோ பண்ணைப் பாலத்திலோ நின்ற பிறகுதான் பல ஸ்கூட்டர்களில் அந்த மூடி முதன்முதலாகக் கழருகிறது. சோளகக் காற்றுக் காலம் முழுக்கத் தூசி குடித்த வண்டிகள் இனி மாரித் தண்ணீருக்குள் இறங்கப்போகின்றன. அதனால்தான் இந்த மடலை இப்போதே எழுதுகிறோம்.

ஸ்கூட்டரில் கியர் மாற்ற நீங்கள் ஒன்றும் செய்வதில்லை. அந்த வேலையை, இடப்பக்க மூடிக்குள் இருக்கும் பெல்ட் பெட்டியில் ஒரு றப்பர் பெல்ட்டும் இரண்டு கப்பிகளும் செய்கின்றன. இரண்டு சாப்பாட்டுத் தட்டுகளை முதுகோடு முதுகு வைத்தால் நடுவில் ஒரு பள்ளம் வருமே, கப்பியின் உருவம் அதுதான். முன்கப்பிக்குள் சிறிய றோலர்கள் இருக்கின்றன, பெரும்பாலும் ஆறு. வேகம் ஏற ஏற அவை வெளிப்பக்கமாக எறியப்பட்டுத் தட்டுகளை நெருக்குகின்றன. பெல்ட் முன்னால் மேலே ஏறுகிறது, பின்கப்பியில் உள்ளே இறங்குகிறது. கியர் மாறுவது இப்படித்தான். "றப்பர் பெல்ட் தாங்குமோ?" என்று கேட்பவர்களுக்கு: நெதர்லாந்தின் டாஃப் கம்பனி 1958 இலேயே இந்த முறையில் காரை ஓடவிட்டது. பெல்ட் தாங்கும். தூசியையும் ஒயிலையும் தண்ணீரையும்தான் அது தாங்காது.

மூடியைக் கழற்றியதும் கறுப்புத் தூள் தெரியும். பெல்ட்டும், பின்கப்பியோடு இருந்து சில்லுக்கு இழுவை கொடுக்கும் கிளச்சும் தேய்ந்து கொட்டிய தூள் அது. காய்ந்த தூளாக இருந்தால் பயமில்லை, துடைத்து எடுக்கலாம். மை மாதிரிப் பிசுபிசுத்தால் ஒயிலை அடைத்து வைத்திருக்கும் சீல் ஒன்று எங்கோ ஒழுகுகிறது. அந்த ஒழுக்கை நிறுத்தாமல் புதுப் பெல்ட் போடுவது காசைக் கரைக்கிற வேலை. நாங்கள் அப்படிப் போட்டுத் தரமாட்டோம். கோப்பாய், உரும்பிராய்ப் பக்கத்து வண்டிகளில் இந்தத் தூளோடு செம்மண்ணும் கலந்திருக்கும். வடமராட்சி கிழக்கிலிருந்து வருபவற்றில் மணல். பெட்டிக்குக் காற்று வரும் வழியில் தூசி பிடிக்கும் பஞ்சு வடி உள்ள மொடல்களில் அந்தப் பஞ்சைத் தட்டினாலே எவ்வளவு தூசி உள்ளே போக இருந்தது என்று விளங்கும்.

பெல்ட்டைக் கையில் எடுத்து, பல்லுப் பக்கம் வெளியே விரியும்படி பின்பக்கமாக வளைத்துப் பார்ப்போம். பல்லுக்கும் பல்லுக்கும் இடையில் வெடிப்பு இருந்தாலோ, ஓரத்தில் நார் கிளம்பியிருந்தாலோ அது இனி ஓடக்கூடாது. பிறகு வேர்ணியரால் அகலத்தை அளப்போம். பெரும்பாலான மொடல்களுக்குப் புது அளவிலிருந்து ஒரு மில்லிமீற்றர் அளவு குறைந்தாலே மாற்றவேண்டிய நிலைதான். கண்ணுக்குப் பிடிபடாத தேய்வு இது, ஆனால் உச்ச வேகம் குறைந்து எஞ்சின் மட்டும் கத்தும். எத்தனை கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றவேண்டும் என்பது உங்கள் மொடலின் கையேட்டில் இருக்கிறது, அதையே பின்பற்றுங்கள். ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்கிறோம். வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது மட்டும் எடுக்கிற ஸ்கூட்டர்கள் இங்கே நிறைய உண்டு. மீற்றரில் ஓட்டம் குறைவாகத்தான் காட்டும். றப்பருக்கு வயது போவதை மீற்றர் காட்டாது. அப்படியான வண்டியை ஓட்டம் பார்த்து மதிக்காதீர்கள், பெல்ட்டை வளைத்துப் பாருங்கள்.

றோலர் உருண்டையாக இருக்கவேண்டும். ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்திருந்தால் ஸ்கூட்டர் இழுக்க மறுக்கும், விட்டுவிட்டு இழுக்கும். ஒன்று தேய்ந்தால் எல்லாவற்றையும் ஒன்றாகவே மாற்றுவோம். எடை ஒன்றுக்கொன்று வேறாக இருந்தால் தட்டு சீராக நெருங்காது. றோலருக்குக் கிறீஸ் பூசித் தரும்படி சிலர் கேட்கிறீர்கள். பெரும்பாலான மொடல்களில் அது உலர்வாகவே ஓடவேண்டும். கிறீஸ் பூசினால் தூசி ஒட்டும், சூட்டில் உருகிப் பெல்ட்டிலும் தெறிக்கும். கையேடு கிறீஸ் கேட்கும் மொடலுக்கு மட்டும், கேட்கும் இடத்தில் மட்டும் வைப்போம்.

சந்தியில் நின்று எடுக்கும்போது வண்டி உதறினால் அது அநேகமாகக் கிளச். கிளச் கட்டையின் முகம் கண்ணாடி மாதிரி மினுங்கியிருக்கும். அரத்தாளால் மெல்ல உரசி, கிளச் கிண்ணத்தையும் துடைத்தால் பல நேரம் அதோடு சரியாகிவிடும்.

வீட்டில் தாங்களே துப்புரவு செய்பவர்களுக்குச் சில வார்த்தை. பெல்ட்டைப் பெற்றோலாலோ மண்ணெண்ணெயாலோ கழுவவேண்டாம், றப்பர் ஊதிக் கெட்டுவிடும். உலர்ந்த துணி போதும். கப்பியின் முகங்களுக்குப் பிரேக் கிளீனர் பாவியுங்கள். கொம்பிரசர் காற்றால் தூளை ஊதிப் பறக்கவிடாதீர்கள். கிளச் தூள் நெஞ்சுக்குள் போவது நல்லதில்லை, முகக்கவசம் போட்டுத் துணியால் எடுங்கள். முன்கப்பியின் விசிறி இதழுக்குள் ஸ்குறூ ட்ரைவரைச் செருகி நட்டைக் கழற்றுவதும் வேண்டாம். இதழ் உடைந்தால் பெட்டிக்குள் காற்றோட்டம் குறையும், பெல்ட் சூடேறும்.

எல்லாவற்றையும்விடக் கவனம் வேண்டியது திரும்பப் பூட்டும் நேரம். பின்கப்பியின் தட்டுகளைக் கையால் விரித்து, பெல்ட்டை அதற்குள் ஆழமாக இறக்கவேண்டும். அப்போதுதான் முன்பக்கம் பெல்ட் தளர்ந்து நிற்கும். அப்படிச் செய்யாமல் முன் நட்டை இறுக்கினால் தட்டுகளுக்கு நடுவில் பெல்ட் அகப்படும். நட் இறுகியதுபோல இருக்கும், ஆனால் இறுகியிராது. ஸ்ராட் பண்ணிச் சிறிது தூரம் ஓடியதும் பெல்ட் தன் இடத்துக்குப் போய்விட, நட் தளர்ந்து தண்டின் பற்களையே அரித்துவிடும். அதற்குப் பிறகு செலவு பெல்ட்டோடு நிற்காது. நாங்கள் நட்டை, இறுக்கத்தின் அளவு பார்க்கும் ரோர்க் சாவியால்தான் இறுக்குகிறோம். பெல்ட்டில் அம்புக்குறி இருந்தால் அது ஓடும் திசையைப் பார்த்துப் போடுகிறோம். பழைய பெல்ட்டே திரும்பப் போவதென்றால் கழற்றமுன் திசையைக் குறித்துக்கொள்வோம்.

மாரியில் வீதியில் வெள்ளம் நின்றால், பெட்டியின் மட்டத்துக்குத் தண்ணீர் வருமென்று தெரிந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். தண்ணீர் உள்ளே போய்விட்டால் எஞ்சின் இரையும், ஸ்கூட்டர் நகராது. அந்த நேரம் முறுக்கிப் பிடிக்காதீர்கள். ஈரப் பெல்ட் வழுக்கி வழுக்கி ஒரே நாளில் கெட்டுவிடும். ஓரமாக நிறுத்தி எங்களுக்குச் சொல்லுங்கள். தண்ணீரை வடித்து, உலர்த்தி, பின் சில்லுக்கான கியர் ஒயிலையும் பார்த்துத் தருவோம். அந்த ஒயில் பாலாடை நிறத்தில் வந்தால் அதையும் மாற்றியே ஆகவேண்டும்.

2020 இல் வாகன இறக்குமதி நின்ற பிறகு 2025 வரை, இருந்த ஸ்கூட்டரைத்தான் எல்லோரும் வைத்து ஓடினீர்கள். வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் சந்தைக்கும் இன்னமும் அதே வண்டிகள்தான் போய்வருகின்றன. அவை இன்னும் பல வருசம் ஓடவேண்டும் என்பது எங்கள் விருப்பம்.

பெல்ட் பெட்டி வேலைக்குக் காலையில் கொண்டுவந்து விடுங்கள்; சூடு ஆறிய வண்டியில்தான் கைவைப்போம். கையேடு இருந்தால் அதையும் கொண்டுவாருங்கள். எதையாவது மாற்றவேண்டி வந்தால் முதலில் தொலைபேசியில் கேட்போம். கழற்றிய பழைய பெல்ட்டும் றோலர்களும் ஒரு பையில் உங்கள் கைக்கு வரும்.

அன்புடன்,
உங்கள் கராஜ் பணியாளர்கள்
யாழ்ப்பாணம்