பழைய டிராக்டர் என்றால் கெட்டி ஆயிலா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த டிராக்டர் பராமரிப்புக் கட்டுரையைப் படித்தேன். டயர் காற்று, பேட்டரி, ஏர் கிளீனர் பற்றியெல்லாம் உருப்படியாகவே எழுதியிருந்தார்கள். ஆனால் இன்ஜின் ஆயிலுக்கு வந்ததும், "வண்டி பழசானால் கெட்டியான ஆயிலாகப் பார்த்து ஊற்றுங்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அந்த யோசனையைக் கேட்டு ஏற்கெனவே கையைச் சுட்டுக்கொண்டவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

என் வண்டி முப்பது வருஷம் தாண்டியது. ஆயில் குடித்தது, நீலப் புகை விட்டது. ஒருவர் சொன்னார் என்று வழக்கமான 15டபிள்யூ-40 கிரேடை விட்டுவிட்டு, அதைவிடக் கெட்டியான 20டபிள்யூ-50 ஊற்றினேன். புகை குறைந்தது. ஆயில் பிரஷர் கேஜ் முள்ளும் முன்னைவிட மேலே ஏறி நின்றது. சந்தோஷம்தான். குளிர் காலம் வந்த பிறகுதான் விஷயம் புரிந்தது. காலையில் ஸ்டார்ட் செய்தால் முள் அடியிலேயே படுத்திருக்கும். மேலே வால்வைத் தள்ளும் டேப்பெட் எல்லாம் சட்டியில் கல்லைப் போட்டு உலுக்கின மாதிரி சத்தம் போடும். மனசுக்குள் எண்ணிப் பார்ப்பேன். எட்டு எண்ணிய பிறகுதான் சத்தம் அடங்கும். முன்பெல்லாம் இரண்டு எண்ணுவதற்குள் அடங்கிவிடும். ஆயில் அடிச்சட்டியிலிருந்து மேலே ஏற அவ்வளவு நேரம் எடுத்தது. அதுவரை இரும்போடு இரும்பு உரசிக்கொண்டிருந்தது.

முள் மேலே நின்றதும் ஏமாற்று வேலைதான். கெட்டி ஆயில் சந்து பொந்துகளில் நுழையத் திணறுகிறது, அந்தத் திணறலைத்தான் கேஜ் காட்டுகிறது. பேரிங்குக்கு எவ்வளவு ஆயில் போய்ச் சேருகிறது என்று அது சொல்வதில்லை. கடைசியில் இன்ஜினைப் பிரித்தபோது தேய்ந்திருந்தது பிஸ்டன் ரிங். அதற்கு மருந்து ரிங் மாற்றுவதுதான், ஆயில் அல்ல.

கேனில் இருக்கும் எண்களைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வார்த்தையும் இல்லை. 15டபிள்யூ-40 என்பதில் டபிள்யூவுக்கு முன்னால் இருப்பது குளிரில் ஆயில் எவ்வளவு சுலபமாக ஓடும் என்பதைச் சொல்கிறது. எண் குறைந்தால் சுலபம். பின்னால் இருப்பது இன்ஜின் சூடான பிறகு, அதாவது 100 டிகிரி செல்சியஸில் உள்ள கெட்டித்தன்மை. பழைய கையேட்டில் டபிள்யூ இல்லாமல் வெறும் எஸ்.ஏ.இ. 30 (எஸ்.ஏ.இ. என்பது இந்தக் கெட்டித்தன்மை எண்களை வகுத்த அமைப்பு) என்று போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு, "10டபிள்யூ-30 தண்ணீர் மாதிரி இருக்குமே" என்று பயப்படுகிறவர்கள் உண்டு. பயமே வேண்டாம். சூட்டில் இரண்டுக்கும் ஒரே அளவுகோல்தான்: 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸுக்குள் (கெட்டித்தன்மையை அளக்கும் அலகு). குளிருக்கு ஒன்று, வெயிலுக்கு ஒன்று என்று அந்தக் கையேடுகள் தனித்தனியாகச் சொன்னது, அப்போது எஸ்.ஏ.இ. 30 போல ஒரே எண் கொண்ட ஒற்றை கிரேடு ஆயிலே பரவலாகப் புழங்கியதால்.

எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் ஏ.பி.ஐ. எழுத்துகளை (அமெரிக்கப் பெட்ரோலியம் நிறுவனத்தின் தரக் குறியீடு) இன்னும் குறைவான பேர்தான் பார்க்கிறார்கள். 'எஸ்' என்று தொடங்கினால் பெட்ரோல் இன்ஜினுக்கு, 'சி' என்று தொடங்கினால் டீசலுக்கு. பழைய கையேட்டில் சி.சி. அல்லது சி.டி. என்று இருக்கும். அதைத் தேடி அலைய வேண்டாம், இன்றைய சி.ஐ.-4, சி.கே.-4 அந்த வேலையைச் செய்யும். ஆனால் சி.கே.-4 வந்த அதே சமயத்தில், 2016 கடைசியில், எஃப்.ஏ.-4 என்று இன்னொன்றும் வந்தது. அது புதிய லாரி இன்ஜின்களுக்காக வேண்டுமென்றே இளக்கமாகச் செய்தது. பழைய டிராக்டரில் அதை ஊற்றவே கூடாது. கெட்டி ஆயிலைப் புகழ்ந்த நேரத்தில் இதை எழுதியிருக்கலாம்.

பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ ஓடும் மிகப் பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. இன்றைய கார் ஆயில்களில், அதிலும் 30 கிரேடு வகைகளில், புகைக்குழாயில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கெடாமலிருக்க பாஸ்பரஸை 0.08 சதவீதத்துக்குள் அடக்கிவிட்டார்கள். பழைய இன்ஜினில் வால்வை இயக்கும் கேம் நேராக டேப்பெட்டின் மேல் உரசித்தான் சுற்றும். அங்கே தேய்மானத்தைத் தடுப்பது துத்தநாகமும் பாஸ்பரஸும் சேர்ந்த அந்தச் சரக்குதான். டீசல் ஆயிலில் அது கூடுதலாக இருக்கும் என்பதால் பலர் பெட்ரோல் டிராக்டருக்கும் அதையே போடுகிறார்கள். பெட்ரோல் இன்ஜினுக்கான 'எஸ்' தரமும் அதே கேனில் அச்சிட்டிருந்தால் தயங்க வேண்டியதில்லை.

அப்புறம், "புது ஆயில் இரண்டே நாளில் கறுத்துவிட்டது, கலப்படம்" என்ற புலம்பல். டீசல் இன்ஜினில் ஆயில் கறுப்பது நல்லதற்குத்தான். கரியை எங்கேயும் படியவிடாமல் தன்னோடு தூக்கிக்கொண்டு சுற்றுகிறது என்று அர்த்தம். பல வருஷம் டிடர்ஜென்ட் (கசடைக் கழுவும் சேர்மானம்) இல்லாத ஆயிலில் ஓடிய வண்டி என்றால் மட்டும் எச்சரிக்கை தேவை. உள்ளே படிந்த கசடு புது ஆயிலில் கரைந்து வரும். முடிந்தால் அடிச்சட்டியைக் கழற்றித் துடைத்துவிட்டு ஊற்றுங்கள். முதல் தடவை ஆயிலையும் பில்டரையும் சீக்கிரமே மாற்றிவிடுங்கள்.

கெட்டி ஆயில் தேடிப் போவதற்கு முன், இருக்கிற ஆயில் ஏன் இளகியது என்றும் பார்க்க வேண்டும். ஆயில் குச்சியை உருவி, ஒரு சொட்டை விரலில் தேய்த்து முகர்ந்து பாருங்கள். டீசல் வாடை அடித்து, மட்டமும் குறையாமல் ஏறியிருந்தால், டீசல் பம்பின் டயாஃப்ரம் கிழிந்து உள்ளே இறங்கிக்கொண்டிருக்கலாம். அப்போது எந்த கிரேடு ஊற்றினாலும் வீண்தான்.

கியர் பெட்டிக்கு இந்தக் கணக்கு எதுவும் ஆகாது. ஆயிலில் மூழ்கிய பிரேக் உள்ள வண்டியின் பின்பகுதியில், கையேடு சொன்னாலொழிய இன்ஜின் ஆயிலை ஊற்றாதீர்கள்.

ரிங் மாற்றிய பிறகு மறுபடி 15டபிள்யூ-40, சி.ஐ.-4க்கே வந்துவிட்டேன். டேப்பெட் இரண்டு எண்ணுவதற்குள் அடங்குகிறது. அடுத்த இதழில் அந்த ஒரு வரிக்கு மட்டுமாவது திருத்தம் போடுங்கள். உழவு தொடங்கும் முன் ஆயில் மாற்றுகிறவர்கள் இப்போதுதான் கேன் வாங்கப் போவார்கள்.

இப்படிக்கு,
பழைய டிராக்டர் ஓட்டும் வாசகர் ஒருவர்