அடங்கலில் யார் பெயர்?

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காது குத்தியதை அறிந்து வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. நான் இன்று எழுதுவது நிலத்தைப் பற்றி.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது. காற்றைத் தாங்கி நின்ற பயிரைத் தண்ணீர் கொண்டுபோனது. சாத்தனூர் அணையில் நொடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிட, தென்பெண்ணை கரைபுரண்டு என் இரண்டு ஏக்கரிலும் ஏறியது. வெள்ளம் வடிந்ததும் போய்ப் பார்த்தேன். குத்தகைக்குப் பயிர் செய்பவர், வரப்பு இருந்த இடத்தில் குந்தி, மணலுக்குள் கையை விட்டு ஒரு குத்து நெற்பயிரை உருவினார். தூர் கட்டிய பயிர். தோகை அழுகி அவர் விரல்களில் ஒட்டிக்கொண்டது. அதைத் துடைக்காமலே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

33 விழுக்காடும் அதற்கு மேலும் சேதமான நெற்பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய் என்று அரசு அறிவித்தது. ஏக்கருக்கு ஏழாயிரம்கூடத் தேறாது. 2023 பிப்ரவரியில் டெல்டாவில் மழையில் சாய்ந்த சம்பாவுக்கு ஹெக்டேருக்கு 20,000 அறிவித்தார்கள். உழவு, நாற்று, நடவு, உரம் என்று அவர் நோட்டில் குறித்திருந்த செலவோ ஏக்கருக்கு இருபதாயிரத்தைத் தாண்டியிருந்தது.

தொகை போதாது என்பது ஊரறிந்தது. என் மனத்தை அறுப்பது வேறு. கணக்கெடுக்க வந்தவர்கள் பட்டா, சிட்டா, ஆதார், வங்கிப் புத்தகம் கேட்டார்கள். பட்டா என் பெயரில். யார் என்ன பயிர் செய்கிறார் என்று கிராம நிர்வாக அலுவலர் பதியும் அடங்கலிலும் என் பெயர்தான். பணம் என் கணக்கில் வந்து விழுந்தது. நாற்று முடியைத் தொட்டே பல வருடமான எனக்கு! அன்றே எடுத்துக்கொண்டு போய் அவரிடம் கொடுத்தேன். இரண்டு கைகளையும் நீட்டி, குனிந்து வாங்கினார். அவருக்குச் சேர வேண்டிய பணம், என் கை வழியாகப் போனதால் தர்மம் போல் ஆகிவிட்டது. அந்தக் குனிவை என்னால் மறக்க முடியவில்லை.

எழுதிக்கொடுத்தால் நிலம் திரும்பாது என்ற பயத்தில்தான் நம் அப்பாக்கள் வாய்ப்பேச்சாகக் குத்தகைக்கு விட்டார்கள். 1955இல் வந்த சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்தையும், குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969இல் வந்த சட்டத்தையும் பற்றித் திண்ணையில் அவர்கள் பேசியது உனக்கும் நினைவிருக்கும். அந்தப் பயம் எனக்கும் இருந்தது. ஆனால் முப்பது வருடமாக ஒரு மூட்டைகூடக் குறைக்காமல் அளந்த மனிதரை நம்பாமல் வேறு யாரை நம்புவது? பயிர்க் காப்பீட்டுக்கும் அடங்கல்தானே வேண்டியிருக்கிறது?

உன் மூன்று ஏக்கரைப் பார்ப்பவர் போன வாரம் வந்திருந்தார். அவருக்கு இன்னும் ஒரு காசும் வரவில்லை. உன்னைக் கேட்கத் தயங்குகிறார். சென்னையில் இருக்கும் நீ குறுஞ்செய்தியைக் கவனிக்காமல் விட்டிருக்கலாம். வங்கிப் புத்தகத்தில் வரவு பதிந்து பார். வந்திருந்தால் தாமதிக்காமல் அனுப்பிவிடு.

ஜூலை 1 அன்று புதுப் பசலி, அதாவது வருவாய்த் துறையின் கணக்காண்டு, பிறக்கிறது. பயிர் செய்பவர் பெயரை அடங்கலில் ஏற்றச் சொல்லி நான் எழுதிக் கொடுக்கப் போகிறேன். நீயும் அந்த வாரம் ஊருக்கு வா. இருவருமாகவே கிராம நிர்வாக அலுவலரைப் பார்ப்போம். எந்த பஸ்ஸில் வருகிறாய் என்று எழுது.

அன்புடன்,
உன் பள்ளித் தோழன்