பழைய அரங்கத்தை இடிக்க வேண்டாம் என்று ஏன் சொல்கிறோம்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

ஐம்பது, அறுபதுகளில் கட்டிய கலையரங்கமோ சபாவோ மன்றமோ வைத்திருக்கும் நிர்வாகிகள் எங்களிடம் வழக்கமாக இரண்டு எஸ்டிமேட் கேட்பார்கள். இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட எவ்வளவு, இருப்பதிலேயே ஏசி போட எவ்வளவு என்று. நாங்கள் இரண்டையும் விட்டுவிட்டு வேறொன்றை எழுதித் தருகிறோம்: அரங்கத்தைச் செப்பனிடுவது, கூடுதலாகத் தேவைப்படுவதை மட்டும் பக்கத்தில் ஒட்டாமல் கட்டுவது. ஏன் என்று பலர் கேட்டுவிட்டீர்கள். தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட எல்லோருக்கும் சேர்த்தே எழுதிவிடலாம் என்று இந்த மடல்.

இதற்கு நாங்கள் அடிக்கடி காட்டும் உதாரணம் லண்டனில், தேம்ஸ் கரையில் இருக்கும் ராயல் ஃபெஸ்டிவல் ஹால். 1951இல் திறந்தது, அங்கே ரேஷன்கூட இன்னும் முடியாத காலம். ஒட்டினாற்போல ரயில் பாலம். ரயில் சத்தம் கச்சேரிக்குள் நுழையாமலிருக்க, அரங்கத்தை உயரே தூக்கி வைத்து, அடியிலும் சுற்றிலும் மக்கள் நடமாடும் கூடங்களை அமைத்தார்கள். காலப்போக்கில் அந்தக் கூடங்களை அலுவலகங்களும் மற்றவையும் அடைத்துக்கொண்டன. நம் ஊர் மன்றங்களிலும் இதே கதைதான்: வராந்தாவைத் தடுத்து ஒரு ஆபீஸ், மாடிப்படிக்கு அடியில் ஸ்டோர், பக்கவாட்டு வாசலில் ஜெனரேட்டர்.

2005 முதல் 2007 வரை அரங்கத்தை மூடிப் புதுப்பித்தார்கள். அலைஸ் அண்ட் மாரிசன் என்ற கட்டடக்கலை நிறுவனம் அந்த வேலையைச் செய்தது. ரயில் பாலத்தை ஒட்டிக் கிடந்த ஒல்லியான இடத்தில் ஒரு கட்டடம் எழுப்பி, அலுவலகங்களை அங்கே மாற்றினார்கள். கூடங்கள் மறுபடி மக்களுக்கு வந்தன. ராபின் டே என்ற வடிவமைப்பாளர் செய்த 1951ஆம் ஆண்டு நாற்காலிகளைத் தூக்கிப் போடாமல் புதுப்பித்துப் போட்டார்கள். விரிவாக்கம் என்றால் பழைய கட்டடத்தின் தலையில் இன்னொரு மாடி ஏற்றுவதல்ல என்று நாங்கள் வாதாடுவது இந்த வேலையைப் பார்த்துத்தான்.

அதே அரங்கத்தில் இன்னொரு விஷயம், எங்களுக்கு மிகவும் பிடித்தது. தொடக்கத்திலேயே அங்கே ஆற்று நீரிலிருந்து வெப்பம் எடுத்துக் கட்டடத்துக்குள் தள்ளும் ஹீட் பம்ப் என்ற இயந்திரம் ஒன்று வைத்திருந்தார்கள். போர் விமானத்துக்குச் செய்த ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் எஞ்சினை எரிவாயுவில் ஓட வைத்து அதை இயக்கினார்கள்! குளிர்காலத்தில் சூடு, கோடையில் குளிர்ச்சி. இயந்திரம் நன்றாகவே ஓடியது; ஆனால் அரங்கத்தின் தேவைக்கு மிகப் பெரியது, செலவு கட்டுப்படியாகவில்லை, எடுத்துவிட்டார்கள். ‘எத்தனை டன் ஏசி?’ என்ற கேள்வியை நாங்கள் கடைசிக்குத் தள்ளுவதற்கும் இதுதான் காரணம். முதலில் உள்ளே வரும் வெயிலைக் குறைப்போம், மிச்சத்துக்கு மட்டும் மெஷின் வாங்குவோம்.

நம் வெயிலில் முதல் எதிரி கூரை. ஒழுகலை அடைத்து, மேலே வெள்ளை ஓடு பதித்தாலே உள்ளே வித்தியாசம் தெரியும். அப்புறம் ஜன்னல்கள். அந்தக் காலத்தில் கட்டியவர்கள் ஜாலியும் (காற்று நுழையத் துளைகள் விட்ட தடுப்புச் சுவர்) ஆழமான சன்ஷேடும் வைத்தது அழகுக்காக மட்டும் இல்லை. பின்னால் ஏசி போட்டவர்கள் அந்த ஜாலியைப் பிளைவுட் வைத்து அடைத்திருப்பார்கள். வராந்தாவிலும் முகப்பிலும் அதைத் திறந்துவிட்டு மின்விசிறி போட்டால் போதும், ஏசி அரங்கத்துக்குள் மட்டும் இருக்கட்டும். சாதாரண விசிறி 75 வாட் இழுக்கும் இடத்தில் பிஎல்டிசி என்ற சிக்கன மோட்டார் வைத்த விசிறி 30 வாட் அளவில் ஓடும். சோலார் பலகையெல்லாம் இதற்குப் பிறகுதான்.

லிஃப்ட், கழிப்பறை, அவசரப் படிக்கட்டு, ஏசி மெஷின், ஜெனரேட்டர் எல்லாம் புதிய பகுதிக்குப் போகும். பழைய தளத்தின் மேல் பாரம் ஏறாது, மேடைக்கு இரைச்சல் வராது. இரண்டுக்கும் நடுவே இடைவெளி விடுவோம். புதிய அஸ்திவாரம் கொஞ்சம் இறங்கும், சேர்த்துக் கட்டினால் பழைய சுவரில்தான் விரிசல் விழும்.

‘கான்கிரீட் பெயர்ந்து விழுகிறதே, இதை வைத்து என்ன செய்ய?’ என்று கேட்பீர்கள். காற்றிலுள்ள கார்பன்டையாக்சைடு உள்ளே இறங்க இறங்க, கம்பியைத் துருவிலிருந்து காக்கும் காரத்தன்மை குறையும். துரு பிடித்த கம்பி உப்பி, மேல்பூச்சைத் தள்ளிவிடும். புதிதாக உடைத்த இடத்தில் பினாப்தலின் என்ற சோதனைத் திரவத்தைத் தெளித்தால், காரம் இருக்கும் வரை ரோஜா நிறமாகும், போன இடம் நிறம் மாறாது. அதை வைத்து எவ்வளவு ஆழம் கெட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் பேசுவோம். பல இடங்களில் கெட்டதைச் செதுக்கி, கம்பியைச் சுத்தம் செய்து, மறுபடி பூசினால் போதும். அஸ்திவாரமே போயிருந்தால், பெரும்பாலான உத்தரங்களில் கம்பி தேய்ந்திருந்தால், இடியுங்கள் என்று நாங்களே எழுதிக் கொடுப்போம்.

சுற்றுச்சூழல் கணக்கும் உண்டு. சிமெண்ட் ஆலையில் வெளிவரும் கரியமில வாயுவில் பாதிக்கு மேல், எரிபொருளிலிருந்து அல்ல, சுண்ணாம்புக்கல் சிதையும் வேதிவினையிலிருந்தே வருகிறது. ஆலை எவ்வளவு சிக்கனமாக எரித்தாலும் அது போகாது. நிற்கிற தூண்களையும் உத்தரங்களையும் வைத்துக்கொண்டால் அந்த அளவு புதிய சிமெண்டே வேண்டாம்.

நாங்கள் பார்க்க வருவதற்கு முன் பழைய வரைபடம் இருந்தால் தேடி வையுங்கள், ஒரு வருட மின்கட்டண ரசீதும் வேண்டும். தயவுசெய்து விரிசலைப் பூசி மறைத்து, பெயின்ட் அடித்துவிடாதீர்கள். அது இருக்கிறபடியே இருந்தால்தான் எஸ்டிமேட் சரியாக வரும்.

இப்படிக்கு,
உங்கள் கட்டடப் புதுப்பிப்புக் குழு